நிலப்படமும் குடிவழியும்

முன்னோர் வாழ்ந்த ஊர் எது என்று அறிய விரும்புதல் மக்கட்கு இயல்பு. ஆயின், ஒரு நாட்டின் வழிவந்தோர் உலகின் நான்கு திசைகளிலும் பரந்து வாழ்ந்து, அவர்களுட் பலர் தம் பாட்டனாரின் ஊர்ப்பெயரையும் அறியாதிருப்பாராயின், அவ்விருப்பம் ஒரு தேட்டமாக மாறிவிடுகின்றது. அத்தகைய நாடு அயர்லாந்து. 1841-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு 81 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். 1845-ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரைப் பற்றிய நோய் நாட்டையே பஞ்சத்தில் ஆழ்த்தியது. 1851-ஆம் ஆண்டில் மீண்டும் கணக்கெடுத்தபோது எஞ்சியிருந்தோர் 65 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். ஏறத்தாழ மேலும் பத்து இலட்சம் மக்கள் கப்பலேறினர். பஞ்சம் நீங்கிய பின்னரும் அப்பயணம் பல தலைமுறைக்கு ஓயவில்லை.

இவ்வாறு சென்றவர்களின் பேரர் இன்று ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் வாழ்கின்றனர். அவர்களுட் பலருக்குத் தெரிந்தது, "எங்கள் குடும்பம் அயர்லாந்திலிருந்து வந்தது" என்பது மட்டுமே. சிலருக்கு மாவட்டத்தின் பெயர் தெரியும். ஊர் தெரிந்தோர் மிகச் சிலர். அவ்வூரைப் பழைய நிலப்படங்களும் நிலப்பதிவேடுகளும் கொண்டு எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதே இப்பேச்சின் பொருள்.

குடிவழியைத் தேடுபவர் எந்த நாட்டிலும் முதலில் நாடுவது குடிசன மதிப்பேடுகளை. அயர்லாந்திலோ அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கின்றது. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் வீட்டுப் படிவங்கள் கணக்கெடுப்பு முடிந்தபின் அரசாங்கத்தாலேயே அழிக்கப்பட்டன. 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் படிவங்கள் முதலாம் உலகப் போர்க்காலத்திற் காகிதக் கூழாக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் ஏடுகள் டப்ளின் நகரில், நான்கு நீதிமன்றங்கள் எனப் பெயர் பெற்ற மாளிகைத் தொகுதியிலிருந்த அரசாங்க ஆவணக் களரியிற் பாதுகாக்கப்பட்டிருந்தன. 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டபோது அங்கே போர் நடந்தது. யூன் 30-ஆம் நாள் நிகழ்ந்த பெருவெடிப்பும் தீயும் ஏழு நூற்றாண்டு ஆவணங்களைச் சாம்பலாக்கின. எரிந்த ஏடுகளின் துண்டுகள் நகரின் மேல் நெடுநேரம் காற்றிற் பறந்தனவாம். நான்கு கணக்கெடுப்புகளிலும் எஞ்சியவை சில மாவட்டங்களின் சில பகுதிகளே. ஆகவே, நாடு முழுவதற்கும் கிடைக்கும் மிகப் பழைய குடிசன மதிப்பேடு 1901-ஆம் ஆண்டினது. பஞ்சக் காலத்தில் வெளியேறியவனை அதிலே தேடிப் பயனில்லை.

இவ்விழப்பினிடையே ஓர் எதிர்பாராத எச்சமும் உண்டு. 70 வயதடைந்த ஏழை முதியோருக்கு 1909-ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் ஓய்வூதியம் வழங்கியது. அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் பதியும் முறை 1864-ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. ஆகவே, அம்முதியோரிடம் பிறப்புச் சான்று இருக்கவில்லை. அவர்களுடைய வயதை உறுதிப்படுத்த அலுவலர் 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, பெற்றோர் பெயரையும் ஊரையும் தனிப் படிவங்களில் எழுதி வைத்தனர். மூல ஏடுகள் எரிந்துபோயின, அப்படிவங்கள் தப்பின. சில சிலிங் ஓய்வூதியத்துக்காக ஒரு கிழவி செய்த விண்ணப்பம், அவள் குழந்தையாயிருந்த வீட்டின் கணக்கை இன்றைக்கும் காத்து நிற்கின்றது.

மக்களைக் கணக்கிட்ட ஏடுகள் அழிந்தபின் எஞ்சியவை மண்ணைக் கணக்கிட்ட ஏடுகளே. அவற்றைப் படிக்க வேண்டுமாயின் அந்நாட்டு நிலப்பிரிவை முதலில் அறிதல் வேண்டும். அயர்லாந்து 32 மாவட்டங்களாகவும், மாவட்டங்கள் 'பாறனி' என்னும் பகுதிகளாகவும், அவை கோவிற்பற்றுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. கோவிற்பற்றினுள்ளே அடங்கிய மிகச் சிறிய பிரிவை ஆங்கிலத்தில் 'டவுண்லாண்ட்' என்பர். 'டவுண்' என்னும் சொல் இருப்பினும் அது நகரத்தைக் குறிப்பதன்று. பெயரும் எல்லையும் உடைய ஒரு நிலப்பரப்பு அது. ஊர்க்காணி என்று அதனைத் தமிழில் வழங்கலாம். நாடு முழுவதும் இத்தகைய ஊர்க்காணிகள் 60,000-க்கு மேல் உள்ளன. சில நூறு ஏக்கர் கொண்டவை பல. சில ஏக்கரே கொண்டவையும் உண்டு. நாட்டுப்புறத்து மனிதன் தன் இருப்பிடத்தைச் சொல்லும்போது ஊர்க்காணியின் பெயரையே சொன்னான். ஆகவே, ஊர்க்காணியைக் கண்டவன் ஊரைக் கண்டவனாவான்.

இவ்வெல்லைகளை முதன்முதல் நாடு முழுவதற்கும் ஒரே அளவிற் படமாக வரைந்த பணி 1824-ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் நோக்கம் அறிவு வளர்ச்சியன்று, வரி. உள்ளூர் வரியை ஊர்க்காணிதோறும் பகிர்ந்து வாங்கினர். ஆனால், ஊர்க்காணியின் பரப்பும் தரமும் சரியாகத் தெரியாமையால் வரிச்சுமை ஒருபக்கஞ் சாய்ந்து கிடந்தது. இக்குறையை நீக்கப் படையைச் சேர்ந்த தோமஸ் கொல்பி என்பவரின் தலைமையில் நில அளவை நடத்தப்பட்டது. வடக்கே பொயில் என்னும் கடற்கழியின் கரையில் ஏறத்தாழ எட்டு மைல் நீளமான அடிக்கோடு ஒன்றை 1827, 1828 ஆகிய ஆண்டுகளில் மிக நுட்பமாக அளந்தனர். வெயிலிலும் குளிரிலும் உலோகச் சலாகை நீண்டும் குறுகியும் பிழை விளைக்கும் ஆதலால், இருவகை உலோகங்களை இணைத்து அப்பிழை தானே ஈடாகுமாறு செய்த சலாகைகளைக் கொல்பி பயன்படுத்தினார். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்னும் அளவில் வரைந்த படங்கள் 1833-ஆம் ஆண்டு தொடக்கம் 1846-ஆம் ஆண்டு வரை மாவட்டம் மாவட்டமாக வெளிவந்தன. அத்துணைப் பெரிய அளவில் ஒரு நாடு முழுவதையும் வரைந்தமை அக்காலத்தில் அரிய செயல்.

அப்படங்களின் பெருமை வேறொன்றிலும் உண்டு. அவை பஞ்சத்துக்கு முன்னைய அயர்லாந்தைக் காட்டுகின்றன. சாலையும் ஆறும் மட்டுமன்றி, மண்குடிசையும் சுண்ணாம்புச் சூளையும் ஆலையும் பள்ளிக்கூடமும் புனிதக் கிணறும் அவற்றிற் குறிக்கப்பட்டுள்ளன. மேற்குக் கரையோர மாவட்டங்களிற் பத்தும் இருபதுமான குடிசைகள் தேன்கூடுபோல் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதைக் காணலாம். 1880-களின் இறுதி தொடக்கம் 1913-ஆம் ஆண்டு வரை மைலுக்கு 25 அங்குல அளவில் வரைந்த படங்களில் அதே இடங்களைப் பார்த்தால், பல இடங்களிற் குடிசைக் கூட்டம் இல்லை. வெறும் மேய்ச்சல் நிலமே உண்டு. இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குப் பஞ்சத்தின் கதையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

படம் வரைந்தோர் ஊர்ப்பெயர்களை எழுதுவதிலும் பெரும் பாடுபட்டனர். ஐரிய மொழியில் வழங்கிய பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதிவந்தனர். இக்குழப்பத்தைத் தீர்க்க யோன் ஓ'டொனவன் என்னும் ஐரிய மொழிப் புலவர் அமர்த்தப்பட்டார். அவர் மாவட்டந்தோறும் சென்று, முதியோரின் வாயால் ஊர்ப்பெயரைக் கேட்டு, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு, பொருளை ஆராய்ந்து முடிவு செய்தார். 'பாலி' என்று தொடங்கும் பெயர் குடியிருப்பையும், 'நொக்' என்பது குன்றையும், 'டெறி' என்பது கருவாலித் தோப்பையும் குறிக்கும். 'கில்' என்று தொடங்கும் பெயரோ, ஓரிடத்தில் தேவாலயத்தையும் மற்றோரிடத்தில் காட்டையும் குறிக்கும். மூல ஒலியைக் கேட்டாலன்றி எதுவென்று கூற இயலாது. அவர் எழுதிய பெயர்ப் புத்தகங்களில் ஒவ்வோர் ஊர்க்காணிக்கும் அக்காலத்தில் வழங்கிய பல்வேறு எழுத்து வடிவங்கள் உள்ளன. அமெரிக்கத் துறைமுகத்து எழுத்தர் ஒருவர் தம் காதிற் கேட்டபடி எழுதிய சிதைந்த ஊர்ப்பெயரை இனங்காண இப்புத்தகங்கள் பெரிதும் உதவுகின்றன.

நிலப்படம் இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஆளைக் காட்டும் ஏடு, றிச்சட் கிறிபித் என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவாகி, 1847 முதல் 1864 வரை அச்சாகி வெளிவந்த நில மதிப்பீடு ஆகும். தென்பகுதியிலே தொடங்கிய இவ்வேலை வடக்கே அல்ஸ்ரர் மாகாணத்தில் முடிந்தது. மதிப்பீட்டாளர் மண்ணைத் தோண்டிப் பார்த்தும், வீட்டின் நீள அகல உயரங்களை அளந்தும், சந்தைக்குள்ள தூரத்தைக் கணித்தும், ஒவ்வொரு காணியும் ஆண்டுக்கு என்ன வாடகை பெறும் என்று மதித்தனர். வறியோரைப் பேணும் வரியை அம்மதிப்பைக் கொண்டே விதித்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பெயர்கள் அதில் உள்ளன. குடிசன மதிப்பேடுகள் எரிந்துபோன நாட்டில் இவ்வரிப் புத்தகமே குடிசன மதிப்பேட்டின் இடத்தைப் பெற்றுவிட்டது.

அதன் பக்கத்திலுள்ள நிரல்கள் எளிமையானவை. முதலில் நிலப்படத்திலுள்ள காணியின் எண், அடுத்து, காணியை அனுபவிப்பவரின் பெயர், பின்னர், அவருக்கு அதனை நேரே குத்தகைக்கு விட்டவரின் பெயர், காணியின் வகை, அதாவது வீடும் நிலமுமா, நிலம் மட்டுமா என்பது, பரப்பு, இறுதியாக, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மதிப்பு. எண்ணோடு பெரிய எழுத்துகள் சேர்ந்திருந்தால், ஒருவரின் காணி பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது என்பது பொருள். ஒரே எண்ணின் கீழ்ப் பலர் பெயர் கட்டப்பட்டிருந்தால், அவர்கள் அந்நிலத்தைக் கூட்டாக அனுபவித்தனர் என்பது பொருள்.

இனி, தேடுபவர் செல்லும் வழியைப் பார்ப்போம். மர்பி என்னும் குடும்பத்தார் ஒருவர், கோர்க் மாவட்டத்திலிருந்து 1850-களிற் சென்ற தம் முன்னோனின் ஊரைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். மர்பி என்பது அயர்லாந்தில் மிகப் பெருவழக்கான குடும்பப் பெயர். அப்பெயரை மாத்திரம் கொண்டு ஏட்டைத் திறப்பவர் வைக்கோற்போரில் ஊசி தேடுபவராவார். ஆகவே, அவர் முதலில் தம் வீட்டிலும் தாம் வாழும் நாட்டிலும் தேடுதல் வேண்டும். கல்லறைக் கல், திருமணப் பதிவு, பழைய கடிதம் ஆகியவற்றில் ஒரு கோவிற்பற்றின் பெயர் இருத்தல் கூடும். நியூயோர்க்கில் 1850-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற குடியேறியோர் சேமிப்பு வங்கி, பணம் வைத்தோரின் பிறந்த ஊரையும் பெற்றோரையும் கேட்டெழுதியது. பொஸ்ரன் நகரத்துப் 'பைலட்' என்னும் செய்தித்தாள் 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. கணவனைத் தேடும் மனைவியும், தம்பியைத் தேடும் தமக்கையும், அவன் பிறந்த கோவிற்பற்றையும் ஊர்க்காணியையும் அவற்றிற் குறித்தனர். அன்று உறவினரைச் சேர்ப்பதற்கு எழுதிய வரிகள் இன்று ஊரைக் காட்டுகின்றன.

இரண்டாவதாக, கிடைத்த பெயரை 1851-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பையொட்டி அச்சிடப்பட்ட ஊர்க்காணி அகரவரிசையிற் பார்த்தல் வேண்டும். ஒரே பெயருடைய ஊர்க்காணிகள் பல மாவட்டங்களில் உள்ளன. எந்த மாவட்டம், எந்தக் கோவிற்பற்று என்று வரையறுத்த பின்னரே மேலே செல்லலாம். மூன்றாவதாக, அக்கோவிற்பற்றுக்குரிய கிறிபித் மதிப்பீட்டைப் பார்த்துப் பெயரையும் காணி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்காவதாக, அவ்வெண்ணை மதிப்பீட்டுக்குரிய நிலப்படத்திற் காண வேண்டும். ஆறு அங்குலப் படத்தின் மேல் மையினால் எல்லையும் எண்ணும் இட்டவையே அப்படங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பார்வைக்குக் கிடைக்கும் படங்கள் பல பிற்காலத்தில் திருத்தப்பட்டவை. அச்சிட்ட ஏட்டின் எண்ணும் படத்தின் எண்ணும் ஒவ்வாதிருத்தலும் உண்டு. அயற்காணிக்காரரின் பெயர்களையும் பரப்பையும் ஒப்பிட்டே இடத்தை உறுதி செய்தல் வேண்டும்.

ஒரே ஊர்க்காணியில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் யாது செய்வது? இத்தொல்லை அக்கால மதிப்பீட்டாளருக்கும் இருந்தது. ஆகவே, அவர்கள் பெயருக்கருகே தந்தையின் பெயரையோ, தொழிலையோ, மயிரின் நிறத்தைக் குறிக்கும் பட்டப்பெயரையோ சேர்த்தெழுதினர். வரி தவறான ஆளிடம் போகாதிருக்கச் சேர்த்த அச்சொல், தேடுபவருக்கு மேலும் ஒரு தலைமுறையைக் காட்டிவிடுகின்றது.

மதிப்பீடு அச்சான பின்னரும் அலுவலர் ஆண்டுதோறும் திருத்தப் புத்தகங்களில் மாற்றங்களைக் குறித்து வந்தனர். ஒருவர் இறந்தால் அவர் பெயரை வெட்டி, மகனின் அல்லது கைம்பெண்ணின் பெயரை எழுதினர். ஆண்டுக்காண்டு மையின் நிறத்தையும் மாற்றினர். எந்த நிறத்தில் எந்த ஆண்டு என்பதை ஓரத்திற் குறித்தனர். சிவப்பிலும் நீலத்திலும் பச்சையிலும் அடித்தெழுதிய அப்பக்கங்களில் ஒரு குடும்பம் ஒரு காணியைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்தமையைக் காணலாம். வெட்டிய பெயருக்கு மேல் வேறு குடும்பத்தின் பெயர் தோன்றுமாயின், முன்னவர் கப்பலேறினர் அல்லது வெளியேற்றப்பட்டனர் என்று கருத இடமுண்டு. அவ்வாண்டினை அறிந்தபின் கப்பற் பயணிகள் பட்டியலைத் தேடுவது எளிது. இவ்வேடுகள் இருபதாம் நூற்றாண்டு வரை செல்வதால், இன்றும் அக்காணியில் வாழும் உறவினரைக் கண்டோரும் உளர்.

கிறிபித்துக்கு ஒரு தலைமுறை முந்திய ஏடு தசமபாகப் பகிர்வுப் புத்தகம். அயர்லாந்து மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; ஆயினும், அரசாங்கத் திருச்சபையாகிய புரட்டஸ்தாந்த சபைக்கு அவர்களும் தம் விளைவிற் பங்கு செலுத்த வேண்டியிருந்தது. 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதனைப் பணமாக மாற்றுவதற்காகக் கோவிற்பற்றுதோறும் பயிர்செய்வோரின் பெயரும் நிலமும் எழுதப்பட்டன. 1830-களில் இவ்வரியை மக்கள் எதிர்த்தனர், உயிர்களும் மாய்ந்தன. வெறுப்புக்கு இலக்கான அவ்வேடே பஞ்சத்துக்கு முன் வாழ்ந்த ஏழை உழவனின் பெயரைச் சொல்லும் ஒரே சான்றாகப் பலருக்கு அமைந்துவிட்டது. அதனைப் படிப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும்: பல கோவிற்பற்றுகளில் நிலம் ஐரிய ஏக்கரில் அளக்கப்பட்டது. ஐரிய ஏக்கர் ஒன்று வழக்கமான ஏக்கரில் ஒன்றரைக்கு மேற்பட்டது. பத்து ஏக்கர் பதினாறு ஏக்கராகத் தோன்றினாற் காணி வேறு என்று முடிவு செய்துவிடலாகாது.

மேலும் பின்னோக்கிச் சென்றால், 1650-களில் வில்லியம் பெற்றி நடத்திய நில அளவை உண்டு. குரொம்வெல் அயர்லாந்தை வென்றபின், கத்தோலிக்கரிடமிருந்து பறித்த நிலங்களைப் படைவீரருக்கும் கடன் கொடுத்தோருக்கும் பங்கிடுவதற்காக அந்த அளவை நடைபெற்றது. பங்கீட்டு ஏடுகளில் 1641-ஆம் ஆண்டில் நிலத்துக்கு உடையவரும், பின்னர் அதனைப் பெற்றவரும் எதிரெதிரே எழுதப்பட்டுள்ளனர். அப்படங்களின் ஒரு தொகுதியை 1707-ஆம் ஆண்டு கடலிற் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். பாரிஸ் நகரத் தேசிய நூலகத்திற் கிடந்தமையால் அவை டப்ளின் தீக்குத் தப்பின. இவை நிலவுடையோரையன்றிக் குத்தகைக் குடிகளைக் காட்டா. 1708-ஆம் ஆண்டு தொடங்கிய உறுதிப் பதிவகத்தின் ஏடுகளும் பெரும்பாலும் செல்வரையே காட்டும். எனினும், அங்கே பதிந்த குத்தகை உறுதிகளில் ஒரு வகை குறிப்பிடத்தக்கது. மூன்று பேருடைய உயிர் உள்ளவரை நிலம் குத்தகைக்காரருக்கு உரியது என்னும் உடன்படிக்கை அது. நெடுநாள் வாழ்வர் என்னும் நம்பிக்கையினாற் குத்தகைக்காரர் தம் குழந்தைகளின் பெயரையும் வயதையும் அதில் எழுதுவித்தனர். 1793-ஆம் ஆண்டிற் கத்தோலிக்கருக்கும் வாக்குரிமை கிடைத்தபின் இவ்வகைக் குத்தகை அவர்களிடையேயும் பெருகியது.

இவ்வளவு ஏடுகள் இருப்பினும் எல்லாரும் அவற்றில் இடம்பெறவில்லை என்பதை மறத்தலாகாது. வீட்டுத் தலைவரின் பெயரையே கிறிபித் எழுதினார்; மனைவியும் மக்களும் அங்கே இல்லை. கைம்பெண்ணான பின்னரே பெரும்பாலும் பெண்ணின் பெயர் தோன்றுகின்றது. கூலியாளும், அடிக்குத்தகைக்காரனும், உழவன் வீட்டில் ஒண்டியிருந்தவனும் விடுபட்டனர். காலத்தின் கொடுமையும் அதனோடு சேர்ந்தது. நான்கு பவுண் அல்லது அதற்குக் குறைந்த மதிப்புடைய காணிகளுக்குரிய வறியோர் வரியை நிலவுடையவரே செலுத்த வேண்டும் என 1843-ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சிய நிலவுடையோர் பலர், அச்சிறு குடிகளை வெளியேற்றிக் கூரையைப் பிரித்தனர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போருக்கு நிவாரணம் இல்லையென 1847-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியமையாற் பலர் தம் நிலத்தைத் தாமே கைவிட்டனர். மதிப்பீட்டாளர் மேற்கு மாவட்டங்களை அடைந்தபோது அவர்கள் அங்கே இல்லை. முந்திய நிலப்படத்தில் எண்ணும் பெயரும் இல்லாத சிறு கரும்புள்ளியே அவர்கள் வீட்டுக்கு எஞ்சிய அடையாளம்.

தேடும் ஆளின் பெயர் இல்லாவிடினும், அவருடைய தமையனின் பெயர் இருத்தல் கூடும். ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்த யோன் கென்னடியின் பாட்டனாரின் தந்தை, வெக்ஸ்போட் மாவட்டத்தில் டன்கன்ஸ்ரவுன் என்னுமிடத்து உழவர் குடும்பத்தின் இளைய மகன்; 1840-களின் இறுதியிற் பொஸ்ரனுக்குச் சென்றார். காணியோ ஊரிலிருந்த உறவினரிடமே நிலைத்தது. 1963-ஆம் ஆண்டு யூன் மாதம் கென்னடி அங்கு சென்றபோது, அதே காணியில் வாழ்ந்த உறவினர் அவரை வரவேற்றனர். இளையவர் கப்பலேற, மூத்தவர் காணியில் நின்றமை அயர்லாந்தின் பொதுவான நிலை. ஆதலால், தேடுபவர் ஒரு பெயரைத் தேடாமல் ஒரு குடும்பத்தைத் தேடுதல் வேண்டும்.

1922-ஆம் ஆண்டு அழிந்தவற்றுக்கு ஈடாக, உலகின் பிற களரிகளிலுள்ள படிகளையும் குறிப்புகளையும் ஒன்று திரட்டும் பெருமுயற்சி ஒன்றை டப்ளின் திரித்துவக் கல்லூரி அறிஞர்கள் மேற்கொண்டு, நூறாண்டு நிறைவாகிய 2022-ஆம் ஆண்டில் அதன் பயனை எவரும் இலவசமாகப் பார்க்குமாறு வெளியிட்டனர். பெற்றியின் நிலப்படங்களும் கிறிபித்தின் ஏடுகளும் இன்று வீட்டிலிருந்தபடியே பார்க்கக் கூடியனவாயுள்ளன. ஒரு காலத்தில் டப்ளினுக்குக் கப்பற் பயணம் செய்து, களரியில் நாட்கணக்காகக் காத்திருந்து பார்த்த பக்கத்தை, இன்று சிக்காகோவிலுள்ள ஒரு பள்ளி மாணவியும் பார்க்கலாம்.

நிலத்தைப் பறிப்பதற்கும், தசமபாகம் வாங்குவதற்கும், வரி விதிப்பதற்கும் எழுதிய ஏடுகள் இவை. அவற்றை எழுதியோர் உழவனின் பேரனை நினைத்து எழுதவில்லை. எனினும், எல்லையைச் சரியாக அளந்தனர். பெயரைக் கேட்டு எழுதினர். மாற்றத்தை ஆண்டுதோறும் குறித்தனர். அந்த ஒழுங்கான உழைப்பினாலேயே, வாசிக்கவும் எழுதவும் அறியாத ஓர் உழவன் எந்த ஓடைக்கு அருகில், எத்தனை ஏக்கரில், யார் யார் அயலில் வாழ்ந்தான் என்பது நூற்றெழுபது ஆண்டுக்குப் பின்னரும் தெரிகின்றது. பழைய காணிப் படமோ உறுதியோ வீட்டில் வைத்திருப்போர், அது இனி எதற்கு உதவும் என்று எண்ணி அதனை எறிந்துவிடாதிருப்பாராக. அது யாருக்கு உதவும் என்பதை அதனை எழுதியவரும் அறிந்திருக்கவில்லை.